இறையியல், ஆன்மீகம், அருள்பணி மேற்படிப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இறையியல் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சேரலாமா என்று யோசிப்பவர்கள், சேர்ந்துவிட்டு நடுவில் தடுமாறுபவர்கள், பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கவலைப்படும் பெற்றோர் என்று பலரும் வந்து கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சீர்திருத்த சபையாரும் உண்டு, பெந்தெகொஸ்தேயினரும் உண்டு. ஆகவே பதிலில் சொற்கள் கலந்துதான் வரும்.

1. இறையியல்னா பைபிள் படிக்கிறதுதானே? அதை வீட்லயே படிக்கலாமே, டிகிரி எதுக்கு?

வீட்டில் படிப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 1330 குறளையும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருளும் பரிமேலழகர் வேறொரு பொருளும் சொல்கிறார்களே, ஏன் மாறுகிறது, யார் எந்த மரபில் நின்று பேசுகிறார் என்று கேட்கத் தொடங்கினால் அது வேறு படிப்பு. இறையியல் அந்த இரண்டாவது வகை. வேதாகமம் அதில் பெரும் பகுதி, ஆனால் முழுவதும் அல்ல. திருச்சபை வரலாறு, கோட்பாடு, அறநெறி, வழிபாட்டியல், மேய்ப்புப்பணி எல்லாம் சேர்ந்ததுதான் பாடத்திட்டம்.

11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற துறவி இந்தப் படிப்பை ‘அறிவைத் தேடும் விசுவாசம்’ என்றார். இன்றுவரை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. விசுவாசம் முன்னால் இருக்கிறது, தேடல் அதிலிருந்து பிறக்கிறது. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட சமயத்தில் இறையியலுக்கு அங்கே இடம் உண்டா என்ற விவாதமே எழுந்தது. மருத்துவமும் சட்டமும்போல இதுவும் ஒரு பணிக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தும் துறைதான் என்று வாதாடியவர் ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர். இன்றைய கல்லூரிகளில் பாடங்கள் பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தில் அவருடைய சாயல் இன்னும் இருக்கிறது.

2. இறையியல், ஆன்மீகம், ஊழியம்னு மூணா பிரிச்சிருக்காங்க. மூணும் ஒண்ணுதானே?

வாழ்க்கையில் ஒன்றுதான், ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். படிப்பாக வரும்போது மூன்றும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. இறையியல், ‘நாம் நம்புவது என்ன, அது எப்படிப் பொருந்துகிறது?’ என்று கேட்கும். ஆன்மீகம், ‘இந்த நம்பிக்கையை மனிதர்கள் எப்படி வாழ்ந்து பார்த்தார்கள், ஜெபத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்கும். ஊழியப் படிப்பு, ‘என் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஆளுக்கு இப்போது நான் என்ன செய்ய?’ என்று கேட்கும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இந்த மூன்றில் எந்தக் கேள்வி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில், படிப்பைப் பாதியில் விட்டவர்களில் பலர் தங்கள் கேள்வி ஒன்றாக இருக்க வேறொரு படிப்பில் சேர்ந்தவர்கள்தான். மக்களோடு இருக்க ஆசைப்பட்டவர் நாள் முழுக்கக் கிரேக்க வினைத்திரிபுகளோடு உட்கார்ந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

3. எம்.டிவ்., எம்.ஏ., பி.டி., எம்.டிஎச்., எஸ்.டி.எல்... தலை சுத்துது. எது எதுக்கு?

எனக்கும் சுற்றியது. எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்பது ஊழியத்துக்கு ஆளை உருவாக்கும் தொழிற்பட்டம். பெரும்பாலும் 3 ஆண்டு. மொழி, வேதாகமம், வரலாறு, பிரசங்கம், களப்பணி எல்லாம் இதில் அடங்கும். வட அமெரிக்காவில் இதற்கு முன்பு பி.டி. (பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி) என்றுதான் பெயர், பின்னால் பெயரை மாற்றினார்கள். வங்காளத்தின் செராம்பூர் இறையியல் கல்லூரி மரபில் வரும் கல்லூரிகளில் இன்றும் பி.டி.தான். ஆகவே பெயரில் ‘பி’ இருக்கிறது, ‘எம்’ இருக்கிறது என்று பார்த்து உயர்வு தாழ்வு சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜில் பி.டி. பட்டம் பிஎச்.டி.க்கும் மேலே வைக்கப்பட்டிருக்கிறது என்றால் பாருங்கள்.

எம்.ஏ. பெரும்பாலும் 2 ஆண்டு, ஒரு துறையில் மட்டும் ஆழ்ந்த படிப்பு. எம்.டிஎச். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) என்பது எம்.டிவ். அல்லது பி.டி. முடித்தவர் ஒரு துறையைத் தேர்ந்துகொண்டு மேலே படிப்பது. கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அங்கீகாரம் பெற்ற புலங்கள் தரும் வரிசை தனி: முதலில் இளநிலையான எஸ்.டி.பி. (மெய்யியலையும் சேர்த்து 5 ஆண்டு; மெய்யியலை 2 ஆண்டு முன்பே முடித்திருந்தால் 3 ஆண்டு), பிறகு 2 ஆண்டில் எஸ்.டி.எல். என்ற உரிமநிலைப் பட்டம், அதன்பின் முனைவர் பட்டமான எஸ்.டி.டி. குருமடத்தில் பாடம் நடத்த வேண்டுமானால் எஸ்.டி.எல். தேவைப்படும். இந்த ஒழுங்கை 1979இல் இரண்டாம் யோவான் பவுல் ஒரு திருத்தூது ஆணையின் மூலம் வகுத்தார். 2017 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் புதுப்பித்தார்.

4. நான் இன்ஜினியரிங் படிச்சவன். என்னைச் சேத்துப்பாங்களா?

பெரும்பாலும் சேர்ப்பார்கள். எம்.டிவ். போன்ற முதல் நிலைப் பட்டங்களுக்கு ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் போதும். எம்.டிஎச்., எஸ்.டி.எல். என்றால் முன்பே இறையியல் படித்திருக்க வேண்டும். வேறு துறையிலிருந்து வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கட்டுரை எழுதுவதுதான் கஷ்டம். ஒரே கேள்விக்கு நான்கு பதில் இருக்கும், நான்கையும் நியாயமாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். கணக்கில் விடை வந்ததும் கோடு போட்டு முடித்துப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பழகிவிடும்.

5. நான் போதகர் ஆகப்போறதில்ல. சும்மா தெரிஞ்சிக்கணும்னு ஆசை. படிக்கலாமா?

தாராளமாக. ஆசிரியர், செவிலியர், எழுத்தாளர், ஓய்வு பெற்றவர் எல்லோரும் படிக்கிறார்கள். அவர்களுக்கு எம்.டிவ். தேவையில்லை, எம்.ஏ. போதும். அதுவும் பெரிதாகத் தோன்றினால் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் தொடங்கலாம்.

6. அப்ப எம்.டிவ். முடிச்சா குருவானவர் ஆகிடலாம், இல்லையா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டம் தருவது கல்லூரி, குருப்பட்டம் அல்லது அருள்பொழிவு தருவது திருச்சபை. இரண்டுக்கும் வெவ்வேறு கதவு, வெவ்வேறு சாவி. திருச்சபை உங்கள் குணத்தைப் பார்க்கும், சபையார் சாட்சியைக் கேட்கும், சில மரபுகளில் மனநல மதிப்பீடும் உண்டு. கத்தோலிக்கத்தில் ஆயர் அல்லது துறவற சபைத் தலைவர் அழைக்க வேண்டும். சில தனிச்சபைகளில் பட்டமே கேட்பதில்லை.

எனவே ஊழியத்துக்கென்று படிப்பவர்கள், சேர்வதற்கு முன்பே தங்கள் திருச்சபைப் பொறுப்பாளரிடம் பேசி, எந்தக் கல்லூரிப் பட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. வாய்மொழி உறுதி, பொறுப்பாளர் மாறியதும் காற்றோடு போய்விடும்.

7. பெண்கள் படிக்கலாம்னு சொல்றாங்க, ஆனா படிச்சு என்ன செய்யறது?

படிப்புக்குத் தடை இன்று பெரும்பாலான இடங்களில் இல்லை. அந்த நிலை தானாக வந்துவிடவில்லை. ஆன்டாய்னெட் பிரவுன் அமெரிக்காவின் ஓபர்லினில் இறையியல் படிப்பை 1850இல் முடித்தார். பெண் என்பதால் பட்டம் தரவில்லை. 1853இல் ஒரு சபை அவரை அருள்பொழிவு செய்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் அவிலா தெரேசாவும் சியென்னா கேத்தரினும் மறைவல்லுநர் (திருச்சபை முழுமைக்கும் ஆசான்) என்று அறிவிக்கப்பட்டது 1970இல்தான். தெரேசா இறந்து அதற்குள் 388 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெண்களுக்கு அருள்பொழிவு தரும் சபைகளும் உண்டு, தராத சபைகளும் உண்டு. அது 6ஆம் கேள்வியில் சொன்ன இரண்டாவது கதவு. ஆனால் பேராசிரியர், ஆன்மீக வழிகாட்டி, மருத்துவமனை அருள்பணியாளர், மறைக்கல்விப் பொறுப்பாளர், வேதாகம மொழிபெயர்ப்பாளர் என்று வேறு பல வேலைகளுக்கு இந்தப் படிப்பு நேராக இட்டுச்செல்கிறது. கத்தோலிக்கத்தில் தியானம் நடத்தும் இல்லங்களில் பெண் துறவியர் செய்யும் ஆன்மீக வழிகாட்டுதலுக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியாது.

8. எபிரேயமும் கிரேக்கமும் கட்டாயமா? நல்ல மொழிபெயர்ப்புதான் இருக்கே?

எம்.டிவ். பட்டத்தில் சில கல்லூரிகள் கட்டாயம் என்கின்றன, சில விருப்பப்பாடமாக விட்டுவிட்டன. விட்டது தவறு என்பது என் கருத்து. காரணத்தை ஒரே வசனத்தில் காட்டிவிடலாம். யோவான் 3:8இல், காற்று தன் விருப்பப்படி வீசுகிறது, ஆவியால் பிறந்தவரும் அப்படியே என்று வருகிறது. தமிழில் காற்று ஒரு சொல், ஆவி வேறொரு சொல். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ‘நியூமா’தான். இயேசுவுக்கும் நிக்கோதேமுவுக்கும் நடக்கும் உரையாடல் அந்தச் சிலேடையைச் சுற்றித்தான் நடக்கிறது. நமக்குத் தமிழில் ‘ஆவி’ என்றால் மூச்சு, உயிர், நீராவி எல்லாம் உண்டு. ‘ஆவி பிரிந்தது’ என்கிறோம். காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் குறிக்கும் எபிரேய ‘ரூவாக்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான சொல் நம்மிடம் இருந்தும், மூலத்தைப் பார்க்காதவருக்கு அது புலப்படாது.

பெரிய திருப்பங்களே இப்படிச் சொற்களில் நடந்திருக்கின்றன. ‘மெட்டனோயா’ என்பது மனம் மாறுவது. இலத்தீனில் அது தவம் செய், பரிகாரம் செய் என்ற ஒலியோடு வழங்கியது. 1516இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இந்தச் சொல் மறுபடி விவாதத்துக்கு வந்தது. மறு ஆண்டு, சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது இந்தச் சொல்லைப் பற்றியது. தமிழில் ‘மனந்திரும்புதல்’ என்று வைத்தார்கள், நன்றாகத்தான் வைத்தார்கள். ஓராண்டு தினம் அரை மணி நேரம் கொடுங்கள், அகராதி துணையோடு படிக்கும் அளவுக்கு வந்துவிடும்.

9. கத்தோலிக்கர் ஒரு சொல், நாம ஒரு சொல்லுனு எழுதுறோம். தமிழ்ல ஆய்வேடு எழுதினா எதை வச்சிக்கிறது?

வேதாகமம் அல்லது விவிலியம், கிருபை அல்லது அருள், இரட்சிப்பு அல்லது மீட்பு, பரிசுத்த ஆவி அல்லது தூய ஆவி. கல்லூரி எந்த மரபோ அந்தச் சொல்லை வைத்துக்கொள்வது நடைமுறை. ஆனால் இவை வெறும் பெயர் மாற்றங்கள் அல்ல என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். ‘மீட்பு’ என்றால் அடகு வைத்ததைத் திரும்பப் பெறுவது நினைவுக்கு வரும். புதிய ஏற்பாட்டில் ‘அப்போலூட்ரோசிஸ்’ என்ற சொல்லும் அப்படித்தான், விலை கொடுத்து விடுவிப்பது. ‘இரட்சிப்பு’ என்றால் காப்பது. ‘சோத்தேரியா’ என்ற சொல்லுக்கு அது நெருக்கம். ‘அருள்’ என்று எழுதியதும் சைவத்தின் திருவருள் மணம் கூடவே வரும். சிலருக்கு அது சங்கடம், எனக்கு அது செல்வம். எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

10. காலேஜ் போனா விசுவாசம் போயிடும்னு பயமுறுத்துறாங்க. உண்மையா?

சிலருக்குப் போயிருக்கிறது. இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பலருக்கு உருமாறியிருக்கிறது. முதல் அதிர்ச்சி பெரும்பாலும் மூலபாட ஆய்வில், அதாவது பழைய கைப்பிரதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் வரும். மாற்கு 16:9 முதல் 20 வரையிலான வசனங்கள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் ஏடுகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை (யோவான் 7:53 முதல் 8:11 வரை) பழைய பிரதிகள் பலவற்றில் இல்லை. இதை முதன்முதலில் கேட்ட அன்று நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகுதான் உ.வே.சாமிநாதையர் ஞாபகம் வந்தது. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார், எத்தனை பாடபேதங்களைக் குறித்தார்! யாராவது அதனால் சிந்தாமணி பொய் என்றார்களா? ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர் நூலின்மேல் அக்கறை உள்ளவர். கிறிஸ்தவ மரபிலும் இது புதிதல்ல. 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற அறிஞர் பழைய ஏற்பாட்டின் பல வடிவங்களை ஆறு பத்திகளில் அருகருகே எழுதவைத்து ஒப்பிட்டார். 1943இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மூலமொழிகளையும் இலக்கிய வடிவங்களையும் ஆராயும்படி கத்தோலிக்க அறிஞர்களை ஊக்கப்படுத்தி ஒரு சுற்றுமடல் எழுதினார்.

விசுவாசம் உடைவது பெரும்பாலும் தகவலால் அல்ல, தனிமையால். கேள்வி வந்ததும் ‘இதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பார்கள்’ என்று உள்ளே புதைத்து வைப்பவர்கள்தான் உடைகிறார்கள். சேரும்போதே நம்பிப் பேசக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் பேராசிரியராகவே இருக்க வேண்டும் என்றில்லை. இன்னொரு வேண்டுகோள்: வகுப்பில் கேட்டதை அந்த வாரமே பிரசங்கத்தில் கொட்டாதீர்கள். உங்களுக்கே ஜீரணமாகாததைச் சபைக்குப் பரிமாறினால் அவர்கள் வயிறும் கெடும்.

11. வேற சபைக்காரங்க காலேஜ்ல படிக்கலாமா? மாத்திடுவாங்களோ?

படிக்கலாம், உங்கள் திருச்சபை ஏற்றுக்கொள்ளுமா என்று பார்த்துக்கொண்டு (6ஆம் கேள்வி). மாற்றிவிடுவார்கள் என்ற பயம் பெரும்பாலும் வீண். அடுத்தவர் கேள்வி கேட்கும்போதுதான் நம்முடையது என்ன என்று நாமே தேடிப் பார்க்கிறோம். கிழக்கும் மேற்கும் விசுவாச அறிக்கையில், தூய ஆவி தந்தையிடமிருந்து மட்டுமா, மகனிடமிருந்துமா புறப்படுகிறார் என்று, ‘மகனிடமிருந்தும்’ என்ற ஒரு சொல்லுக்காக எவ்வளவு காலம் மல்லுக்கட்டின என்பதை ஓர் ஆர்த்தடாக்ஸ் மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது வேறு அனுபவம். நீதிமானாக்கப்படுதல் (கடவுள் மனிதரை நீதிமானாக ஏற்பது) பற்றி லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 16ஆம் நூற்றாண்டில் பிரிந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார 20ஆம் நூற்றாண்டின் முடிவு வரை ஆனது. அந்த உட்காருதலுக்கு ஆயத்தம் நடந்ததில் வகுப்பறைகளுக்கும் பங்கு உண்டு.

12. ஆன்மீகத்துக்கு மார்க் எப்படிப் போடுவாங்க? ஜெபத்துக்குப் பரீட்சையா?

சிரிக்க வைத்த கேள்வி, ஆனால் நியாயமானது. உங்கள் ஜெபத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை, போடவும் கூடாது. ஆன்மீகத் துறையில் படிப்பது மற்றவர்கள் விட்டுச்சென்ற அனுபவப் பதிவுகளையும் அவர்கள் வகுத்த வழிகளையும். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ, வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலைச் செபம் என்று நான்கு படிகள் சொன்னார். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளுக்கு 1548இல் திருத்தந்தை ஒப்புதல் கிடைத்தது. அதை 30 நாள் ஒதுங்கியிருந்து செய்யலாம், வேலையை விட முடியாதவர்கள் அன்றாட வாழ்க்கையோடு மாதக்கணக்கில் செய்யவும் அதிலேயே வழி சொல்லியிருக்கிறார். இவற்றின் வரலாறு, இவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றிய பார்வை, இன்று யாருக்கு எது பொருந்தும் என்பதை எல்லாம் எழுத வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

ஆனால் ஒன்று: பயிற்சியில் இறங்காமல் ஆன்மீகத்தைப் பற்றி மட்டும் எழுதும் கட்டுரை, நீச்சல் தெரியாதவர் ஆற்றைப் பற்றி எழுதியதுபோல் இருக்கும். திருத்துபவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

13. மூணு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. நான் டாக்டரா நர்ஸா, அங்க எனக்கு என்ன வேலை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920இல் அவரே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். வெளியே வந்தபின் 1925இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மருத்துவமனைக்கு இறையியல் மாணவர் சிலரை அழைத்துச் சென்றார். புத்தகங்களைப் படிப்பதுபோல் மனிதர்களையும் படிக்க வேண்டும், அவர்கள் ‘உயிருள்ள ஆவணங்கள்’ என்பது அவர் எண்ணம். அதுவே இன்று மருத்துவமனை மேய்ப்புப்பணிப் பயிற்சி. அமெரிக்க முறையில் ஒரு பருவம் குறைந்தது 400 மணி நேரம்.

அங்கே உங்கள் வேலை நோயாளியோடு இருப்பது. திரும்பி வந்து, நடந்த உரையாடலை ஞாபகத்திலிருந்து வரி வரியாக எழுதி, குழுவில் வாசிக்க வேண்டும். இதுதான் வதை. நான் எழுதிய முதல் உரையாடல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வயதான ஒருவர், “மகன் வரேன்னு சொன்னான். மழை வேற, வருவானோ என்னவோ” என்றார். நான் உடனே, “ஆண்டவர் பாத்துப்பார் ஐயா, ஜெபிக்கலாமா?” என்றேன். ஜெபித்தேன், வெளியே வந்தேன், நன்றாகச் செய்ததாக நினைத்தேன். பயிற்றுநர் வாசித்துவிட்டுக் கேட்டார்: “அந்த ஜெபம் அவருக்காகவா, அந்த அறையை விட்டு நீங்க சீக்கிரம் வெளியே வர்றதுக்காகவா?” குழுவில் யாரும் பேசவில்லை. மகன் வருவானா என்பது அவருடைய கேள்வி. நான் அதன் பக்கமே போகவில்லை.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று இருக்கிறது (யோபு 2:13). அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்ததும்தான் கெடுத்தார்கள். கிரேக்கப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இந்தப் பயிற்சியில் திணறுவதையும், பின்வரிசையில் உட்காரும் அமைதியான மாணவர் இதில் மலர்வதையும் பார்த்திருக்கிறேன். முடிந்தால் இதைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். இதன்பிறகு படிக்கும் இறையியல் வேறு மாதிரி இருக்கும்.

14. ஆன்லைன்ல படிச்சா மதிப்பு உண்டா? ஒருத்தர் ஆறு மாசத்துல டாக்டர் பட்டமே வாங்கித் தர்றேன்னு சொல்றார்.

இரண்டும் வேறு வேறு கேள்வி. தொலைவிலிருந்து படிப்பதில் குறையொன்றும் இல்லை. 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, ஊழியர்களை ஊரைவிட்டுக் கிளப்பாமல் அவர்கள் இருக்கும் இடத்துக்கே பாடத்தைக் கொண்டுபோனது. அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. வேலையில் இருப்பவர்களுக்கு இது வரம். குறைவது ஒன்றே ஒன்று, உடன் வாழும் அனுபவம். சேர்ந்து ஜெபிப்பது, சண்டை போட்டுச் சமாதானமாவது போன்றவை திரையில் கிடைப்பதில்லை. ஆண்டுக்குச் சில வாரமாவது நேரில் வரச் சொல்லும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு மாத டாக்டர் பட்டம் என்பது காகிதம். அங்கீகாரத்தைச் சரிபார்க்க எளிய வழி: கல்லூரி தன்னை அங்கீகரித்ததாகச் சொல்லும் அமைப்பின் பெயரை எடுத்து, அந்த அமைப்பின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று தனியே பாருங்கள், பிறகு அந்த அமைப்பையே அரசோ பல்கலைக்கழகங்களோ ஏற்கின்றனவா என்று பாருங்கள். போலிகள் தங்களுக்கென்று ஓர் அங்கீகார அமைப்பையும் தாங்களே நடத்துவதுண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கட்டி இப்படிப் பட்டம் வாங்கி, அங்கியோடு புகைப்படமும் மாட்டினார். பிறகு உண்மையான முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பட்டத்தை எழுதவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தார். மதிப்புறு பட்டம் வேறு. அது கேட்டு வாங்குவதும் அல்ல, கட்டணம் கட்டி வாங்குவதும் அல்ல.

15. டி.மின்.னும் பிஎச்.டி.யும் ரெண்டும் டாக்டர்தானே? எது ஈஸி?

எளிது என்று தேடினால் இரண்டுமே வேண்டாம். டி.மின். (டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி) என்பது பல ஆண்டு ஊழிய அனுபவம் உள்ளவர், தன் பணிக்களத்தில் எழுந்த ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, ஏதாவது செய்துபார்த்து, விளைவை எழுதுவது. பிஎச்.டி. புதிய அறிவைச் சேர்ப்பது. 8ஆம் கேள்வியில் சொன்ன மொழிகளுக்கு மேல் ஜெர்மன், பிரெஞ்சு என்று ஆய்வு மொழிகளும் கேட்பார்கள். கற்பிக்க வேண்டுமானால் பிஎச்.டி., இருக்கும் பணியில் ஆழமாக வேண்டுமானால் டி.மின்.

16. ஆய்வேட்டுக்கு ‘பைபிளில் அன்பு’ன்னு தலைப்பு குடுத்தேன், மேடம் வேணாம்னுட்டாங்க. ஏன்?

உங்களைக் காப்பாற்றியிருக்கிறார். அந்தத் தலைப்புக்கு ஓர் ஆயுள் போதாது. தலைப்பு என்பது பொருள் அல்ல, கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு: மாற்கு 14:3–9இல் ஒரு பெண் இயேசுவின் தலையில் விலையுயர்ந்த தைலம் ஊற்றுகிறாள். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவள் செய்ததும் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் இயேசு. ஆனால் மாற்கு அவள் பெயரைச் சொல்லவில்லை. யோவான் 12இல் பெயர் இருக்கிறது, மரியா. நினைவுகூரப்படும் என்று சொல்லிவிட்டுப் பெயரை ஏன் விட்டார்? இது கேள்வி. இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் அப்படியே எடுக்காதீர்கள்; அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு வசனம், ஒரு கேள்வி. ‘அன்பு’ அங்கேயே இருக்கிறது, தலைப்பில் இல்லை.

17. ஏ.ஐ. கிட்ட கேட்டு எழுதினா தப்பா?

முதலில் உங்கள் கல்லூரி விதியைப் படியுங்கள். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. இலக்கணம் பார்க்க, வாசித்ததைச் சரிபார்க்க உதவும். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் தந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் மூலத்தில் பார்க்க வேண்டும். 13ஆம் கேள்வியில் சொன்ன உரையாடல் பதிவை மட்டும் அதனிடம் கொடுக்கவே கூடாது. நோயாளி உங்களிடம் சொன்னது உங்களுடையது அல்ல.

18. படிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஜெபமே வரமாட்டேங்குது. பைபிளைத் திறந்தா அசைன்மெண்ட்தான் ஞாபகம் வருது. என்ன செய்ய?

இதை வெட்கத்தோடு, கடைசியாக, மற்றவர்கள் போனபிறகு கேட்பார்கள். அநேகமாக எல்லோருக்கும் வருவது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை விவரிக்கும்போது, நம் விடுதி அறையைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும்: சூரியன் நகர மறுக்கிறது, பகல் 50 மணி நேரம்போல் நீள்கிறது, துறவி சன்னலைப் பார்க்கிறார், சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று வானத்தை அளக்கிறார், இருக்கும் இடத்தின்மேல் வெறுப்பு வருகிறது. அவர் இதற்கு ‘அக்கேடியா’ என்று பெயர் வைத்தார். ஆய்வேடு எழுதும் இரண்டாம் ஆண்டில் இது தவறாமல் வரும்.

எனக்கு உதவியது மிகச் சாதாரணமானது. படிப்புக்கு ஒரு வேதாகமம், ஜெபத்துக்கு வேறொன்று என்று இரண்டு வைத்துக்கொண்டேன். இரண்டாவதில் பேனா படாது. தினம் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பேன், விளக்கம் தேடமாட்டேன். சில மாதம் அதுவும் வறட்சியாகத்தான் இருந்தது. மாதம் ஒருமுறை ஆன்மீக வழிகாட்டியிடம் போய், “இந்த மாசமும் ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு வருவேன். அவரும், “சரி, அடுத்த மாசம் வாங்க” என்பார். இது ஆறு வாரத்துக்கு மேல் நீண்டு, தூக்கமும் பசியும் சேர்ந்து கெட்டால், அது ஆன்மீக வறட்சியாக மட்டும் இருக்காது. வழிகாட்டியோடு மருத்துவரையும் பாருங்கள்.